ஐந்து நிமிட எலுமிச்சை, ஐந்து மணி நேரக் கட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கத்தரிக்கோல் சத்தத்தைவிட வாய்ச் சத்தம்தான் அதிகம். போன மாதம் ஒரு ஞாயிறு, பேச்சு பந்து விளையாட்டுக்கும் அரசியலுக்கும் போகாமல் செண்டு பக்கம் திரும்பிவிட்டது. கிளப்பிவிட்டவன் என் சித்தி மகன். ஈப்போவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று மாதம் மிச்சம் பிடித்து, 300 வெள்ளிக்கு மேல் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கியிருந்தான். ஆண்களுக்கானது, எலுமிச்சையும் கட்டை வாசமும் கலந்தது, எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

“காலையில அடிச்சுக்கிட்டு மோட்டார்ல ஏறுறேன் அண்ணே. ஈப்போ போய் எறங்கறதுக்குள்ள எலுமிச்சை வாசமே காணோம். போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டானுங்க.”

கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: “அசல் சரக்குன்னா சட்டையைத் துவைச்சாலும் போகாது தம்பி.”

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செண்டை எடைபோடுவது இந்த இரண்டு அளவுகோலை வைத்துத்தான். ஒன்று, அடித்ததும் வரும் வாசம் அப்படியே இருக்கிறதா? இரண்டு, எத்தனை மணி நேரம் நிற்கிறது? எலுமிச்சை–கட்டை வகை செண்டுக்கு இந்த இரண்டையும் மட்டும் கேட்டால் நல்ல சரக்கைக் குப்பை என்போம், குப்பையை நல்ல சரக்கு என்போம். ஏன் என்று பார்க்கலாம்.

மூக்குக்கு வருவது பொருள்தான்

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கட்டிப்பால் மூட்டைகள் ஏற்றிய லோரி முன்னால் போனால், பின்னால் மோட்டாரில் வருகிறவன் என்ன பாடு படுவான் என்று தெரியும். மரத்தில் கட்டிய மங்கில் உறைந்து கிடந்த ரப்பர் பாலில் பாக்டீரியா வேலை செய்து சில அமிலங்களை உண்டாக்குகிறது. அந்த அமிலம்தான் காற்றில் கிளம்பி வந்து மூக்குக்குள் உட்காருகிறது. ஒரு பொருளை அதன் குணம் மாறாமல் எவ்வளவு சிறிய துண்டாகப் பிரிக்க முடியுமோ, அந்தத் துண்டுக்கு மூலக்கூறு என்று பெயர். வாசமோ நாற்றமோ, மூலக்கூறு பறந்து வந்தால்தான் மூக்குக்குத் தெரியும். பறக்காத பொருளுக்கு வாசம் இல்லை. உப்பை முகர்ந்து பாருங்கள், ஒன்றும் வராது.

மூக்கின் மேற்பகுதியில், உள்ளே, இந்த மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டும் சாவியும்போல, ஒவ்வோர் ஏற்பியும் சில வகை மூலக்கூறுகளுக்கு மட்டும் திறக்கும். மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் “எப்படி இந்த நாற்றத்தில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “எந்த நாற்றம்?” என்பார்கள். ஒரே வாசம் விடாமல் வந்துகொண்டிருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. இதை மூக்குச் சலிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பெரட்டு கலைகிற மாதிரி

செண்டு பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால். அதில் கரைந்திருப்பது பல பத்து வாசனைப் பொருட்களின் கலவை. தோலில் அடித்ததும் ஆல்கஹால் சில நொடிகளில் பறந்துவிடுகிறது, மிச்சம் தோலில் தங்குகிறது. அதன் பிறகு நடப்பதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலில் எலுமிச்சை வரும், அது முடிந்ததும் மிளகு வரும், கடைசியில் கட்டை வரும், நாடகத்தில் ஆள் மாறி ஆள் மேடையேறுவதுபோல என்று நினைக்கிறார்கள்.

அப்படியில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். மோட்டார் வைத்திருக்கும் இளவட்டங்கள் இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடுவார்கள். சைக்கிள்காரர்கள் கொஞ்ச நேரம் கண்ணில் தெரிவார்கள். வாளியும் கத்தியுமாக நடந்து போகும் பாட்டி மட்டும் வெகுநேரம் பாதையில் தெரிவார். பாட்டி கடைசியில் கிளம்பியவர் இல்லை. கூட்டமும் இரைச்சலும் போன பிறகுதான் அவர் நம் கண்ணில் பட்டார்.

செண்டிலும் எலுமிச்சையும் கட்டையும் ஒன்றாகத்தான் கிளம்புகின்றன. எலுமிச்சைக்கு வேகம் அதிகம். அதனால் முதல் சில நிமிடங்கள் மூக்கை முழுக்க அதுவே அடைத்துக்கொள்கிறது. சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. வேகமாகப் பறக்கும் பகுதியை மேல்மணம் என்றும், அடுத்ததை நடுமணம் என்றும், மெதுவாகக் கிளம்பி நெடுநேரம் இருப்பதை அடிமணம் என்றும் சொல்வோம்.

எலுமிச்சைக்கு ஏன் இத்தனை அவசரம்? எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோல்களின் எண்ணெயில் முக்கியமான பொருள் லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் இதுதான். சின்ன மூலக்கூறு, இதில் கார்பன் அணுக்கள் 10 மட்டுமே. சந்தனத்திலும் செடார் கட்டையிலும் உள்ள முக்கிய மூலக்கூறுகளில் கார்பன் 15, கூடவே அவற்றில் பலவற்றுக்குத் தோலையும் மற்ற மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கியும் உண்டு. லேசான பொருள் ஓடும், கனமான பொருள் நிற்கும், அவ்வளவுதான் கதை.

லிமோனீனைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சீனப் பெருநாள் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஆரஞ்சு குவியும். ஒரு தோலை மெழுகுவத்திச் சுடருக்கு நேராகப் பிதுக்கினால் பொறி பொறியாகத் தெறிக்கும். ஊதிய பலூன் மேல் பிதுக்கினால் பட்டென்று வெடிக்கும், ஏனென்றால் லிமோனீன் ரப்பரைக் கரைக்கும். ரப்பர் விளையும் ஊரில் இந்த வேடிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இருப்பது பாவம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வாசம் என்பது பறந்து வரும் மூலக்கூறு. எல்லாம் ஒன்றாகவே கிளம்பும், வேகம்தான் வேறு. எலுமிச்சை சீக்கிரம் போவது அதன் பிறவிக் குணம், போலிக்கு அடையாளம் அல்ல.

கட்டை என்றால் எல்லாம் கட்டை அல்ல

செண்டுக்காரர்கள் ‘கட்டை’ என்று ஒரு குடும்பமே வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் மரமே இல்லை. முதல் ஆள் நம்ம வெட்டிவேர். அது புல்லின் வேர். வெயில் காலத்தில் பானைத் தண்ணீரில் போடுவோமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘வெத்திவேர்’ என்கிறார்கள், ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அப்படியே. தமிழிலிருந்து போன சொல். பாரிஸ் கடையில் தங்க எழுத்தில் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள், நாம் பொங்கல் சாமான் வாங்கும் கடையில் கட்டாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். இன்றைக்கு அதன் எண்ணெய் பெரும்பாலும் ஹைட்டியிலிருந்தும் இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்தும் வருகிறது. ஈர மண், புகை, கொஞ்சம் கசப்பு, இதுதான் அதன் குணம்.

அடுத்தவர் பச்சௌலி. இது ஓர் இலை. மலாய்க்காரர்கள் நீலாம் என்பார்கள். செடார் என்று எழுதியிருந்தால் பல சமயம் அது வர்ஜீனியா செடார். பெயர்தான் செடார், தாவரவியல்படி அது ஜூனிபர் இனம். புதிதாகச் சீவிய பென்சில் வாசம் அதனுடையது. சந்தனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றோடு ஆய்வுக்கூடத்தில் பிறந்த கட்டைகளும் உண்டு. 1970-களில் வாசனைப் பொருள் தயாரிக்கும் அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் நிறுவனத்தில் உருவான ஐசோ ஈ சூப்பர் அவற்றில் ஒன்று. மென்மையான, காய்ந்த மர வாசம் தரும். விசித்திரம் என்னவென்றால் இதைச் சிலரால் முகரவே முடியாது. இன்னும் பலருக்கு ஒரு நிமிடம் தெரியும், ஒரு நிமிடம் காணாமல் போகும், மறுபடி தெரியும். ‘செயற்கை’ என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வகை செண்டுகள் இன்று இத்தனை சாதுவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இப்படிப்பட்ட பொருட்கள்தான்.

நடுவில் ஒரு பாலம் வேண்டும்

எலுமிச்சையும் வெட்டிவேரும் இரண்டு துருவம். ஒன்று துள்ளும், மற்றொன்று தரையோடு கிடக்கும். மட்டமான செண்டில் இரண்டையும் அப்படியே கொட்டியிருப்பார்கள். பத்து நிமிடம் பாத்திரம் கழுவும் சோப்பு வாசம், அப்புறம் திடீரென்று பழைய அலமாரி. நடுவில் பள்ளம்.

நல்ல கலைஞன் அந்தப் பள்ளத்தில் பாலம் போடுவான். மிளகு, ஏலம், இஞ்சி, ஜெரானியம் எல்லாம் அதற்கு உதவும். எனக்கு மிகவும் பிடித்த பாலம் நூட்கடோன். ஈப்போ பக்கம் தம்புனில் சாலையோரம் வலை வலையாகப் பம்பளிமாஸ் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் பழத்துக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்புதான் கிரேப்ஃப்ரூட். கிரேப்ஃப்ரூட்டின் தனி மணத்தில் முக்கிய பங்கு நூட்கடோனுக்கு உண்டு. ஆனால் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது பழத்திலிருந்து அல்ல. வட அமெரிக்காவின் நூட்கா சைப்ரஸ் என்ற மரத்தின் கட்டையிலிருந்து. பெயரும் அங்கிருந்தே வந்தது. ஒரே மூலக்கூறு பழத்திலும் இருக்கிறது, மரத்திலும் இருக்கிறது. அதிலும் கார்பன் 15. லிமோனீன் ஓடிய பிறகும் புளிப்புக் கலந்த ஒரு கசப்பை அது பிடித்து வைத்திருக்கும். ‘இந்த செண்டில் எலுமிச்சை ரொம்ப நேரம் நிற்கிறது’ என்று யாராவது சொன்னால், எலுமிச்சை நிற்கவில்லை, இப்படி ஏதோ ஒரு பங்காளி அதன் குரலில் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாலத்தை நன்றாகக் கட்டியதற்குப் பலரும் காட்டும் உதாரணம், பிரெஞ்சு செண்டுக் கலைஞர் ழான்-குளோத் எலெனா 2006-இல் செய்த டெர் டெர்மேஸ் என்ற செண்டு. மேலே ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும், நடுவில் மிளகு, அடியில் செடாரும் வெட்டிவேரும். எனக்கு அது கொஞ்சம் வாத்தியார்த்தனமாகப்படும், அது வேறு விஷயம். பாடம் படிக்க நல்ல செண்டு.

மறுபடி சுருக்கமாக: கட்டை என்பது வேர், இலை, மரம், ஆய்வுக்கூடப் பொருள் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம். விலையை நியாயப்படுத்துவது எலுமிச்சையும் அல்ல, கட்டையும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைப்பாடு.

‘எங்கும் போடலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம்?

விற்கிறவர்கள் எல்லா பாட்டிலுக்கும் சொல்லும் வார்த்தை இது. எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: அந்த வாசம் யாருடைய இடத்தையும் பிடுங்கக்கூடாது. காலையில் கடையில் நிற்கிறோம், மாலையில் கோயிலுக்குப் போகிறோம், இரவு நண்பன் வீட்டு விருந்து, நடுவில் ஒரு துக்க வீடுகூட வரலாம். மல்லிகையும் சாம்பிராணியும் இருக்கும் இடத்தில் வெனிலா இனிப்பு செண்டு சண்டை போடும். வெட்டிவேரும் எலுமிச்சையும் சண்டை போடாது, நம் ஊர் வாசங்களுக்கு அவை பழக்கப்பட்ட ஆட்கள்.

இதை அளக்க மூன்று சொற்கள் போதும். தோலில் எத்தனை நேரம் இருக்கிறது என்பது நீடிப்பு. நாம் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது என்பது வீச்சு. நாம் கடந்து போன பிறகு பின்னால் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது தடம். பிரெஞ்சில் இதற்குப் படகு போன பின் தண்ணீரில் விழும் கோட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் சொன்ன ‘துவைத்தாலும் போகாது’ என்பது நீடிப்பு மட்டும். நீடிப்பு நிறைய, வீச்சு கட்டுக்குள், தடம் லேசாக, இப்படி இருந்தால்தான் எங்கும் போடலாம். மூன்றும் எகிறினால் அது கல்யாண மேடைக்கு மட்டும்.

நம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த செண்டுகள் பலவும் குளிர் நாட்டுத் தோலை நினைத்துச் செய்யப்பட்டவை. நமக்குப் பகலில் 32, 33 பாகை, வியர்வை வேறு. சூட்டில் எல்லா மூலக்கூறும் வேகமாகக் கிளம்பும். மேல்மணத்தின் ஆயுள் இன்னும் சுருங்கும், முதல் அரை மணி நேர வீச்சோ கூடிவிடும். அங்கே நான்கு தடவை அடிப்பதை இங்கே இரண்டாக்கினாலே போதும். என் தம்பிபோல அடித்த கையோடு ஈப்போவுக்கு மோட்டாரில் போனால் காற்றும் சேர்ந்து வாரிக்கொண்டு போகும். அவன் எலுமிச்சையை ரசித்தது சாலையோரச் செம்பனை மரங்கள்தான்.

பெட்டியில் இருக்கும் ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ற பெயர்கள் வாசனைப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். முன்னது பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு, பின்னது 15 முதல் 20. இவற்றுக்குக் கறாரான சட்ட அளவு கிடையாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முடிவெட்டும் கடையில் கழுத்தில் தடவிவிடும் கொலோன் இன்னும் நீர்த்தது. அதன் பூர்வீகம் ஜெர்மனியின் கொலோன் நகரம், 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஃபரீனா என்ற இத்தாலியர் அங்கே செய்த எலுமிச்சை வகைத் தண்ணீர். அது சீக்கிரம் போவதைப் பற்றி ஒருவரும் புகார் செய்ததில்லை, மறுபடி தடவிக்கொண்டார்கள்.

எப்படிச் சோதிப்பது

பேரங்காடியில் ஏர்கோன் குளிரில் காகிதத் துண்டில் அடித்து முகர்ந்துவிட்டுப் பணத்தைக் கட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. காகிதத்துக்குச் சூடும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, வியர்வையும் இல்லை. பிடிக்காததைக் கழித்துக்கட்ட மட்டும் காகிதம் போதும். நானே ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். காகிதத்தில் பம்பளிமாஸ் தோட்டமாக இருந்தது, என் தோலில் ஒரு மணி நேரத்தில் பல் மருத்துவர் அறை வாசம் அடித்தது.

ஒரு நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று செண்டு, அதற்கு மேல் மூக்கு ஒத்துழைக்காது. சில கடைகளில் காப்பிக்கொட்டையை நீட்டுவார்கள். காப்பி வாசமும் ஒரு வாசம்தானே? வெளியே போய் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு வருவது மேல். பிடித்த ஒன்றை முழங்கைக்குள்பக்கம் ஒருமுறை அடித்துக்கொண்டு, வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். விற்பவர் முகம் மாறும், பரவாயில்லை. இரண்டு மணிக்கட்டையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் மூலக்கூறு நசுங்கிவிடும் என்பார்கள், நசுங்காது. சூடு ஏறி எலுமிச்சை இன்னும் சீக்கிரம் ஓடும், அவ்வளவே.

அப்புறம் நேரத்தைப் பார்த்து முகருங்கள். பத்தாவது நிமிடம், முதல் மணி நேரம், நான்காவது மணி நேரம். முதலாவதில் எலுமிச்சை உண்மையான தோல் பிதுக்கிய மாதிரி இருக்கிறதா, மிட்டாய் மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவதில் பாலம் இருக்கிறதா, பள்ளம் விழுந்ததா? மூன்றாவதுதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போகும் செண்டு. நாளின் பெரும்பகுதி உங்களோடு இருக்கப்போவது அந்தக் கட்டை வாசம்தான். அது பிடிக்கவில்லையென்றால் எலுமிச்சை எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

நான்காவது மணி நேரத்தில் உங்கள் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆலைப் பக்கத்து வீட்டுக்காரர் கதைதான், உங்களுக்குச் சலித்திருக்கும். வேறு யாரையாவது கேட்க வேண்டும்.

தம்பியை அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரச்சொல்லி இதைச் செய்து பார்த்தோம். காலை ஒன்பது மணிக்கு இடது கையில் ஒருமுறை அடித்தான். பத்தரைக்கெல்லாம் “போச்சுண்ணே” என்றான். ஒரு மணிக்குச் சாப்பாடு பரிமாற வந்த சித்தி, அவன் தட்டில் சோறு வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, “யாருடா வெட்டிவேர் தண்ணி வெச்சது?” என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். தம்பி தன் கையையே மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

சரி, பாட்டிலைக் காட்டு என்றேன். வெளியே போய் மோட்டார் சீட்டைத் தூக்கி, மழைச் சட்டைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தான். வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் குடித்தனமாம். கடைக்குப் பின்னால் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மோட்டார். சூடும் காற்றும் பட்டால் லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும், எலுமிச்சையின் பளிச்சென்ற முகம்தான் முதலில் மங்கும். அவன் புகாரில் கொஞ்சம் உண்மையும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன், குற்றவாளி மட்டும் வேறு ஆள். திட்டிவிட்டு, அறையில் வெளிச்சம் படாத அலமாரிக்குள் வை என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று முடிவெட்டும் கடையில் மறுபடி பார்த்தேன். எலுமிச்சையைப் பற்றிப் பேச்சே இல்லை. பாட்டில் தானாகக் குறைகிறதாம். சித்தப்பா மேல்தான் சந்தேகம் என்றான்.